டாஃப் திட்டம் (சிங்கப்பூர்)

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை நடந்த உடல்நலத் திட்டம். முழுப்பெயர் 'ட்ரிம் அண்ட் ஃபிட்'. உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ள மாணவர்களைத் தனியே பிரித்து, பலருக்கு இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தில் ஓட்டமும் உடற்பயிற்சியும் என்றாக்கினர். சில பள்ளிகளில் கேன்டீனில் வாங்கும் சாப்பாட்டுக்குக் கலோரிக் கூப்பன்கூட இருந்தது. பருமனானவர்களின் விகிதம் சுமார் 14 சதவீதத்திலிருந்து 10-க்குக் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் டி, ஏ, எஃப் என்ற எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது குண்டு. பெயர் வைத்தவர்களுக்கு இது தோன்றவில்லை போலும். பிள்ளைகளின் கேலிக்கு அதுவே போதுமாயிற்று. 2007-இல் எல்லா மாணவரையும் ஒருசேரக் கருதும், மனநலத்தையும் உள்ளடக்கிய முழுநலத் திட்டம் இதன் இடத்துக்கு வந்தது. அதன் பிறகும் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் அடங்கிய 'நாஃபா' உடற்தகுதித் தேர்வு உயர்நிலைப் பள்ளிகளில் தொடர்ந்தது.