வரைபடத்தில் நம் சொல்: சிங்கப்பூர் நகரமைப்பில் மக்கள் பங்கேற்பின் வரலாறு

ஒரு நகரம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யாவர்? ஆள்வோரா, வரைபடம் வரைவோரா, அங்கு வாழ்வோரா? நகரமைப்புத் துறை இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்க அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் பங்கேற்பின் தோற்றம் மட்டுமே உண்டு. இடைப்படிகளில் மக்களுக்குச் செய்தி அறிவிக்கப்படும். அவர்களிடம் கருத்துக் கேட்கப்படும். மேற்படிகளில்தான் முடிவெடுக்கும் உரிமையில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கும்.

இவ்வேணியைத் துணையாகக் கொண்டு சிங்கப்பூரின் இருநூறாண்டு வரலாற்றில் சில நிகழ்வுகளை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். மொழியியல் பயின்ற நாம் இதில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம்: எப்படியில் நிற்பதற்கும் மொழி வேண்டும்.

1822ஆம் ஆண்டின் நகரக் குழு

1822 அக்டோபரில் சிங்கப்பூருக்குத் திரும்பிய ராஃபிள்ஸ், நகரம் ஒழுங்கின்றி வளர்வதாகக் கருதி அடுத்த மாதமே ஒரு நகரக் குழுவை அமைத்தார். படைத்தலைவர் டேவிஸ், குடிமைப் பணியாளர் ஜார்ஜ் பான்ஹம், வணிகர் ஏ. எல். ஜான்ஸ்டன் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். அரபியர், மலாய்க்காரர், பூகிஸ் மக்கள், சாவகர், சீனர் ஆகிய பெரும்பிரிவினரிடமிருந்து ஒவ்வொரு பிரதிநிதி குழுவுக்கு உதவ வேண்டும் என்றும் ராஃபிள்ஸ் பணித்தார். குடியேற்ற ஆட்சியில் இத்தகைய ஏற்பாடு இருந்தது வியப்புக்குரியதே. ஆயினும் முடிவெடுக்கும் அதிகாரம் அப்பிரதிநிதிகளிடம் இல்லை. ஆர்ன்ஸ்டீனின் ஏணியில் அவர்கள் நின்றது இடைப்படியில்தான்.

அப்பட்டியலில் இந்தியர் இடம்பெறவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். ஆனால் லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த நகர வரைபடத்தில் அவர்களுக்கென ஓர் இடம் குறிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆற்றின் மேற்புறத்தில், சீனர் பகுதிக்கும் அப்பால், ‘சூலியா கம்போங்’ என்னும் பெயர் காணப்படுகிறது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்தோரை, சிறப்பாகத் தமிழ் முஸ்லிம் வணிகரை, ‘சூலியா’ என அழைப்பது அக்கால வழக்கு. ஆலோசனை கேட்கப்பெறாதவர்களுக்கு இடமும் பெயரும் பிறரால் வழங்கப்பட்டன.

வரைபடம் சொன்னபடி நம் முன்னோர் வாழவில்லை. வணிகம் நடந்த இடத்தையே அவர்கள் நாடினர். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிறுவப்பெற்றது. 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் சாலையில் நாகூர் தர்கா எழுந்தது. செட்டியார்கள் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட், தமிழர் நாவில் செட்டித் தெரு ஆயிற்று.

நீர் தேடிய கோயில்

1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இந்துக்களுக்கு ஒரு கோயில் அமைக்க நிலம் வேண்டினார். முதலில் தெலுக் ஆயர் பகுதியில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆங்கு வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் எளிதில் கிடைக்கவில்லை. 1821இல் ரெசிடென்ட் ஃபார்குவார், ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் அருகே வேறோர் இடம் தந்தார். அவ்விடத்தை நகர வரைபடம் பிற தேவைகளுக்கு ஒதுக்கியதால் அதுவும் கைகூடவில்லை. இறுதியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் வழங்கப்பட்டது. 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் கட்டப்பட்ட கோயிலே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தொடக்கம்.

‘இந்நிலம் பொருந்தாது, இங்கு நீர் இல்லை’ என்று நம்மவர் சொன்ன சொல் ஆட்சியாளர்க்கு விளங்கும் வகையில் எட்டியது. அவ்வாறு எட்டியிராவிடில் கோயிலின் இருப்பிடம் வேறாக இருந்திருக்கும். குழுவில் இடம்பெறாத ஒரு சமூகம் விண்ணப்பத்தின் வழியாக நகரமைப்பில் பங்குகொண்டமைக்கு இது தக்க சான்று.

பெயரும் பங்கேற்பே

தெருக்களுக்குப் பெயரிடுவதும் நகரமைப்பின் ஒரு கூறாகும். இன்று சூலியா ஸ்திரீட் எனப்படும் தெரு முன்னர் ‘கிளிங் ஸ்திரீட்’ எனப்பட்டது. ‘கலிங்கம்’ என்னும் நாட்டுப் பெயரிலிருந்து தோன்றியதாகக் கருதப்படும் ‘கெலிங்’ என்னும் சொல், பழைய மலாய் இலக்கியத்தில் இழிபொருள் இன்றியே வழங்கிற்று. பிற்காலத்தில் அஃது இந்தியரை இகழும் சொல்லாகத் திரிந்தது. இந்தியச் சமூகம் அப்பெயரை எதிர்த்துக் குரல் எழுப்பியது; 1920களின் தொடக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது. நூறாண்டுக்கு முன் நம்மீது சுமத்தப்பட்ட இரு பெயர்களுள் ஒன்றை விலக்கி மற்றொன்றை ஏற்ற நிகழ்வு இது.

மற்றொரு நிகழ்வு நம் நினைவிலேயே உள்ளது. சிராங்கூன் சாலைத் தொடக்கத்தில் இருந்த பழைய சந்தை 1980களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுப் புதிய கட்டடம் எழுந்தபோது, அதற்கு ‘சூஜியாவ் சென்டர்’ எனப் பெயரிட்டனர். ‘மூங்கிலடி’ என்னும் பொருள்கொண்ட ஹொக்கியன் பெயரின் மாண்டரின் ஒலிப்பு அது. அந்த ஹொக்கியன் பெயரைத்தான் தமிழர் ‘தேக்கா’ என வழங்கி வந்தனர். இளைஞராய் இருந்த அக்காலத்தில் நம் வீட்டார் எவரும் புதிய பெயரைச் சொல்லி நாம் கேட்டதில்லை. சீன, மலாய் அண்டைவீட்டாரும் தேக்கா என்றே சொல்லினர். 2000ஆம் ஆண்டில் அக்கட்டடம் முறைப்படி ‘தேக்கா சென்டர்’ ஆயிற்று. பல மொழியினர் நாள்தோறும் கூறிய ஒரு சொல் பெயர்ப்பலகையைத் திருத்தியது.

பெருந்திட்டங்களின் காலம்

1958இல் சிங்கப்பூரின் முதல் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966இல் நிலக் கையகப்படுத்துதல் சட்டம் இயற்றப்பட்டது. நெரிசலான கடைவீடுகளிலும் கம்பங்களிலும் வாழ்ந்தோர்க்கு மின்சாரமும் குழாய்நீரும் உள்ள வீடுகள் கிடைத்தன. அந்நன்மை பெரிது. எனினும் முடிவுகள் பெரும்பாலும் மேலிருந்தே வந்தன. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில் எம்ஆர்டி கட்டுமானத்தின் பொருட்டு 1983இல் இடம்பெயர்ந்தது. சிராங்கூன் சாலையில் தற்காலிக இடத்தில் இருந்தபின் 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் நிலைபெற்றது.

1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலியன பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பழைய கட்டடங்களுக்கும் மதிப்பு உண்டு என்னும் எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது. 2001இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. புலாவ் உபின் தீவின் கிழக்குமுனையிலுள்ள செக் ஜாவாவில் நில மீட்புப் பணி தொடங்கவிருந்தது. இயற்கை ஆர்வலரும் தொண்டர்களும் ஆங்கு வாழும் உயிரினங்களைக் கணக்கிட்டுப் பதிவு செய்தனர். பொதுமக்கள் அரசுக்கு எழுதினர். அவ்வாண்டு டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்பட்டது. வேண்டுகோளுடன் சான்றும் சேர்ந்திருந்ததே அதன் வலிமை.

2011 ஜூன் 30ஆம் நாள் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடப்பட்டபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் தடத்தைத் தொடர்ச்சியான பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என இயற்கைச் சங்கம் முன்னரே முன்மொழிந்திருந்தது. அரசு அக்கருத்தை ஏற்றது. 2015இல் வடிவமைப்புத் திட்டங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அப்பாதையில் நம்மவர் உழைப்பும் கலந்துள்ளது. 1932இல் குவீன்ஸ்வே அருகே ரயில்வே ஊழியர்கள் தொடங்கிய சிறு வழிபாட்டிடமே இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில்.

சொல் இன்றேல் பங்கும் இல்லை

இன்று பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுகிறது. வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது, எவரும் கருத்துரைக்கலாம். வாயில் திறந்துள்ளது. உள்ளே செல்வோர் யாவர் என்பதே நம் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன், குடியிருப்புப் பேட்டை ஒன்றின் மேம்பாடு குறித்த கருத்தறியும் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். எழுபது வயது கடந்த தமிழ் அம்மையார் ஒருவர் இறுதிவரிசையில் பேசாது அமர்ந்திருந்தார். வரைபடத்தை அவருக்குத் தமிழில் விளக்கினோம். சற்று நேரம் நோக்கியவர், “கூரை போட்ட நடைபாதை புளோக்குக்குப் பின்னால போகுது, தம்பி. நாங்க எல்லாரும் சந்தைக்கு முன்பக்கமாத்தானே போவோம்?” என்றார். அதுவரை அதனை எவரும் சுட்டவில்லை. நாம் அதை மொழிபெயர்த்துக் கூற, அதிகாரி குறித்துக்கொண்டார். அவ்வம்மையாரிடம் கருத்து இருந்தது. அவரிடம் கேட்பதற்கும், அவர் சொன்னதை எடுத்துச் செல்வதற்கும் ஒரு மொழிப்பாலம் மட்டுமே தேவைப்பட்டது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நம் வேண்டுகோள் இதுவே. பெருந்திட்ட வரைபடத்தை ஒரு பாடவேளையிலேனும் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருக. நிலப் பயன்பாட்டைக் காட்டும் நிறங்கள் எவை, ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்னும் கணக்கு யாது, பாதுகாப்புப் பகுதி என்பதன் பொருள் என்ன என்பவற்றை மாணவர் தமிழில் சொல்லப் பழகட்டும். பின்னர் அதே வரைபடத்தைத் தாத்தா பாட்டியிடம் விளக்கி, அவர்கள் கூறுவதைக் குறித்துவரட்டும். இதனால் கலைச்சொல் வளம் பெருகும். தேர்வுக்கு அப்பாலும் தமிழுக்கு ஒரு பணி உண்டு என்பதை மாணவர் உணர்வர்.

1822இல் குழுவுக்கு உதவ நம்மவரை எவரும் அழைக்கவில்லை. இன்று அழைப்பு வருகிறது. அவ்வழைப்பை நம் வீட்டு முதியோர்க்குத் தமிழில் எடுத்துரைத்து, அவர்தம் விடையை மன்றத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நம்முடையது.