வலம்புரி, இடம்புரி

கல்லூரி விடுமுறையில் ஒரு மாசம், மெல்லிசைக் குழுக்களுக்கு சவுண்ட் போடுகிற ஒரு அண்ணனோடு சுற்றினேன். கோயில் கொடை, பொங்கல் விழா, கல்யாண வரவேற்பு. கச்சேரி முடிய ராத்திரி ஒண்ணரை ஆகிவிடும். பாடினவர்கள் வேனில் ஏறித் தூங்கிப்போவார்கள். எங்களுக்கு அதற்கப்புறம்தான் வேலை.

முதல் நாள் என்னிடம் மல்டிகோர் கேபிளைச் சுருட்டச் சொன்னார்கள். மேடையிலிருந்து கூட்டத்துக்கு நடுவே இருக்கும் மிக்ஸர் வரைக்கும் போகிற தடித்த கருப்பு கேபிள், 50 மீட்டர் நீளம். உள்ளே 24 மைக்குக்கான கம்பிகள். ஒரு முனையில் மைக்குகளைச் செருகுகிற இரும்புப் பெட்டி, மறு முனையில் குஞ்சம் மாதிரி தொங்கும் 24 பிளக்குகள். இதற்கு ‘ஸ்நேக்’ என்றும் பெயர். பார்த்தால் மலைப்பாம்பேதான்.

கொடிக்கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி முழங்கையில் சுற்ற ஆரம்பித்தேன். அண்ணன் ஓடி வந்து பிடுங்கினார். “தம்பி, இது கயிறு இல்ல. உள்ள 24 நரம்பு இருக்கு. நீ சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் அது ஒருதடவ முறுக்குது. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு எவனோ பாடிக்கிட்டிருக்கும்போது அறுந்துபோகும்.” பிறகு வளையம் போடக் கற்றுக்கொடுத்தார். ஒன்று மேலாக, அடுத்தது கீழாக. ஒன்று வலம், ஒன்று இடம்.

அது ஏதோ தொழில் நுணுக்கம் என்றுதான் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து, கடலடித் தந்தி பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் சொன்னதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருப்பது புரிந்தது.

1857. அயர்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்குத் தந்தி இழுக்கப் பார்க்கிறார்கள். பணம் திரட்டியவர் சைரஸ் ஃபீல்ட் என்ற அமெரிக்க வணிகர். கேபிளின் நடுவில் ஏழு செம்புக் கம்பிகள். அதன் மேல் கட்டா பெர்ச்சா, அதாவது மலாய்க் காடுகளிலிருந்து போன ஒரு மரப்பால். அதற்கும் மேல் கவசமாக இரும்புக் கம்பிப் புரிகள் 18. ஒரே தொழிற்சாலையால் முடிகிற நீளமில்லை என்பதால் கிரீனிச்சில் கிளாஸ் எலியட் நிறுவனம் பாதியும், பர்க்கன்ஹெட்டில் நியூவால் நிறுவனம் மீதிப் பாதியும் செய்தன.

வேலை முடியப்போகிற சமயத்தில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு பாதியின் இரும்புப் புரி வலம்புரி, இன்னொரு பாதியுடையது இடம்புரி! புரி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இரண்டு பட்டறைக்கும் சேர்த்து யாரும் சொல்லவில்லை. இரண்டையும் நேராக முடிந்து நடுக்கடலில் தொங்கவிட்டால், இழுவையில் ஒன்று அவிழ அவிழ மற்றதும் கூடவே அவிழும். கடைசியில் மரத்தில் ஒரு தாங்கி செய்து, அதற்குள் இணைப்பைத் திரும்பாதபடி பூட்டித்தான் ஒட்டினார்கள்.

அந்த வருஷம் கேபிள் கடலில் அறுந்தது. 1858 ஆகஸ்டில் ஒருவழியாகக் கரை சேர்ந்தது. விக்டோரியா ராணியின் 98 வார்த்தைச் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. நியூயார்க்கில் வாணவேடிக்கை எல்லாம் நடந்தது. மூன்றே வாரத்தில் கேபிள் செத்துவிட்டது. வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்ற மருத்துவர்தான் தந்திக் கம்பெனியின் மின் பொறுப்பாளர். சமிக்ஞை பலவீனமாக இருக்கிறதே என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. ஆனால் கேபிள் அதற்கு முன்பே காயம்பட்டுத்தான் இருந்தது. செய்யும்போதே குறைகள். அப்புறம் திறந்த வெளியில் சுருட்டிப்போட்டதில் வெயில் பட்டு மரப்பால் இளகி, செம்பு நடுவிலிருந்து ஒதுங்கியது. அதன் மேல் ஏற்றி இறக்கிச் சுருட்டி அவிழ்த்த அடிகள். கடலின் ஆழம் செய்ததைவிடக் கரையில் கிடந்த நாட்கள் அதற்கு அதிகக் கெடுதல் செய்திருக்கின்றன.

அடுத்த முறை பாடம் கற்றிருந்தார்கள். 1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில், அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல் அது, மூன்று பெரிய இரும்புத் தொட்டிகள் கட்டி, தண்ணீர் நிரப்பி, அதற்குள் சுமார் 4,200 கிலோமீட்டர் கேபிளை வைத்தார்கள். ஆட்கள் தொட்டிக்குள் வட்டமாக நடந்து நடந்து அடுக்கடுக்காக இறக்கினார்கள். நிற்கிற தொட்டியில் ஒரே பக்கமாகச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முழு முறுக்கு விழத்தான் செய்யும். ஆனால் எடுக்கும்போது இறங்கிய வழியே மேலே தூக்கினால் அந்த முறுக்கு தானாகவே அவிழ்ந்துவிடும். அந்த வருஷமும் நடுக்கடலில் அறுந்தது. 1866 ஜூலை 27 அன்று, புதிய கேபிள் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்ற ஊரில் கரையேறியது. அதோடு நிற்காமல், முந்தின வருஷம் அறுந்ததையும் கடலடியில் துழாவி எடுத்து ஒட்டினார்கள்.

மேடைக்கு வருவோம். மேடைக் கேபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்றைக்கு ஒருவர் சுருட்டுவார், நாளைக்கு இன்னொருவர் வேறு ஊரில் அவிழ்ப்பார். சுருளைப் புரட்டிவைத்து மறுபக்கமாக இழுத்தால் முறுக்கு அவிழாது, இரண்டு மடங்காகும். சின்ன மைக் கேபிள் என்றால் அதன் முனை தானே சுழன்று முறுக்கை விட்டுவிடும். மல்டிகோரின் முனையில் இரும்புப் பெட்டி கனத்துக்கொண்டு கிடக்கிறது. அது சுழலாது. முறுக்கு முழுக்க உள்ளேயே தங்கும், நரம்பு நரம்பாக அறுக்கும். ஒன்று வலமும் ஒன்று இடமுமாகப் போடுகிற வளையம் இதற்காகத்தான். ஒன்றின் முறுக்கை அடுத்தது தீர்த்துவிடும். கேபிள் ரொம்பத் தடிமனாக இருந்தால் தரையில் எட்டு வடிவில் போடுவார்கள். அதுவும் இதே கணக்குதான். உருளையில் சுற்றினாலும் சரி, அங்கே உருளை சுழல்வதால் கேபிள் முறுக்கிக்கொள்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வெளியே எதிரியாக இருக்கும் முறுக்கு உள்ளே நண்பன். ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுகின்றன. தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சலைக் குறைக்க கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. பின்னியிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், இரைச்சல் கழிந்துபோகும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஜெனரேட்டர் வயரும் சீரியல் லைட்டும் பக்கத்திலேயே ஓடுகிற திருவிழாவில் ஒரு குரல் சேதமில்லாமல் 50 மீட்டர் கடப்பது அந்தப் பின்னலால்.

அவ்வளவு தூரம் ஏன் கடக்க வேண்டும்? 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆட்டத்தின் ஸ்கோர் சொல்லும் மைதான ஸ்பீக்கர்களில்தான் பாட்டு போனது. கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. 1969இல் வுட்ஸ்டாக்குக்குச் சுமார் 4 லட்சம் பேர் வந்தார்கள், அங்கே ஒலி அமைத்தவர் பில் ஹான்லி. இந்தச் சில வருஷங்களுக்குள் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிட்டது. சத்தத்தைச் சரிசெய்பவன் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் ஜனத்துக்கு என்ன கேட்கிறதென்று அவனுக்குத் தெரியாது. மிக்ஸர் கூட்டத்துக்குள் நகர்ந்தது. நகர்ந்த தூரத்தை இட்டு நிரப்ப மல்டிகோர் வந்தது.

இப்போது அதுவும் குறைகிறது. பெரிய கச்சேரிகளில் விரல் தடிமன் கூட இல்லாத நெட்வொர்க் கேபிள் ஒன்றே நூறு மீட்டர் வரைக்கும் எல்லா மைக்கையும் சுமந்துவிடுகிறது. அதற்குள்ளும் பின்னிய ஜோடிகள்தான், பெல்லின் அதே பின்னல். அதையும் முழங்கையில் சுற்றக் கூடாது. முன்பு ஒரு நரம்பு அறுந்தால் ஒரு மைக் போகும். இப்போது ஒன்று அறுந்தால் மொத்த மேடையும் ஊமை.

அந்த மாசத்தின் கடைசிக் கச்சேரியில், இரண்டாவது பாட்டில் பாடகியின் மைக் செத்தது. அண்ணன் ஓடிப்போய் வேறு லைனில் மாற்றினார். அரை நிமிஷம்தான். ஆனால் அந்த அரை நிமிஷம் ஆயிரம் பேர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என்ன தப்பு செய்தார்? என்றைக்கோ, எந்த ஊரிலோ, தூக்கக் கலக்கத்தில் எவனோ சுருட்டிய ஒரு சுற்று அது. ஒருவேளை முதல் நாள் நான் முழங்கையில் போட்டதாகக்கூட இருக்கலாம். அண்ணன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான்தான் கேபிளைச் சுருட்டினேன். கை வலித்தது. ஒன்று மேலாக, ஒன்று கீழாக. 50 மீட்டரும் முடிய நேரம் பிடித்தது. அண்ணன் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.