பல்லாவரத்துக் கல், ஏற்காட்டுப் பிள்ளையார்

போன வாரம் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி மறுபடியும் வந்தது. சிவகளையில் இரும்பு, பொ.ஆ.மு. 3345, "உலகத்துக்கே நாமதான் இரும்பு கொடுத்தோம்", கூடவே பத்து நெருப்புக் குறி. (சேலத்துக்காரங்களுக்கு அடிவாரம்னா ஏற்காடு அடிவாரம்தான். இதுக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவு.) தமிழக அரசு அந்த அறிக்கையை வெளியிட்டது 2025 ஜனவரி 23 அன்று. செய்தி பழசு, ஆனா இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.

அதைப் படிச்சதும் மலைக்கு மேலே இருக்கும் ஒருத்தர் ஞாபகம் வந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். தகனம் அங்கேதான், ஆனா சாம்பலை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைத்தார்கள்.

தொல்லியல் அவருடைய வேலையே இல்லை. 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த கல் ஆய்வாளர் அவர். அவருக்குச் சம்பளம் பாறைகளை வரைபடத்தில் குறிக்கிறதுக்குத்தான். ஆனா அந்தச் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு அறிவியல் செய்தி வந்துகொண்டிருந்தது. பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கள் கிடைக்கின்றன என்று. 1859இல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கணுமே என்று ஃபூட் நினைத்தார். 1863 மே 30, பல்லாவரத்தில் சரளை எடுக்கத் தோண்டிய ஒரு குழியில் கைக்கோடரி கிடைத்தது. அவருக்கு அப்போ வயசு 28. அதே செப்டம்பர் 28 அன்று, கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு போய் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்.

அந்தக் குழியை எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள்! மண் வெட்டியவர்கள் கையிலேயே அந்தக் கற்கள் பட்டிருக்கும். கேள்வியோடு பார்த்தவர் ஒருத்தர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம வாசகர்களுக்குப் பிடிக்கிற ஒரு கிளைக்கதை. ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினவர், பிறகு சென்னையில் தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார். மாமனார் தமிழ்ச் சொல்லைச் சேர்த்தார், மருமகன் தமிழ்நாட்டுக் கல்லைச் சேர்த்தார். நல்ல குடும்பம்!

சரி, சேர்வராயன் மலைக்கு வருவோம். இந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் நிறைய கிடைத்தன. அவற்றை மலைவாழ் மக்கள் தூக்கி எறியவில்லை, பிள்ளையார் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். வயலில் கிடைத்த விசித்திரக் கல், மனுஷன் சாதாரணமா செஞ்ச மாதிரி தெரியலை, சாமிகிட்ட வை. சிரிக்க ஒன்றுமில்லை. ஐரோப்பியக் குடியானவர்களும் இதே மாதிரிக் கற்களை இடியோடு விழுந்தவை என்று நம்பி, வீட்டுக்குக் காவலாக வைத்திருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு மனசு இரண்டாகப் போகுது. அந்தப் பக்திதான் கற்களைக் காப்பாத்தியது. இல்லையென்றால் உடைந்து வரப்பில் போயிருக்கும். ஆனா கோயிலுக்கு வந்த நிமிஷமே, எந்த வயல், எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்ற விவரமெல்லாம் அழிந்துவிட்டது. கல் மிச்சம், சாட்சி போச்சு.

இடம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்திரம்பாக்கமே உதாரணம். ஃபூட்டால் ஒரு கல்லுக்கும் வயது சொல்ல முடிந்ததில்லை, அன்றைக்கு அதற்கு வழியே கிடையாது. ஆனா இடத்தைச் சரியாக எழுதி வைத்தார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அடுக்கு அடுக்காகத் தோண்டினார்கள். 2011இல் கீழ் அடுக்குக் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். 2018இல் வந்த அடுத்த கட்டுரை, அங்கே கருவி செய்யும் முறை மாறியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன் என்றது. ஃபூட் போன 148 வருஷம் கழித்து அவர் இடத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

சிவகளைக்கும் இதே கணக்குதான். அந்த 3345 இரும்புக்கு நேரடியாகப் போட்ட வயது கிடையாது, கூடக் கிடைத்த கரிக்குப் போட்டது. அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவையா என்பதுதான் உயிர்நாடி. நெருப்புக் குறி போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கேலி செய்கிறவர்களும் கேட்பதில்லை, அவர்கள் அறிக்கையைப் பிரித்தே பார்க்காமல் "அரசியல்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு கூட்டத்து மேலயும் எரிச்சல். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் பொ.ஆ.மு. 2172 என்று 2022லேயே வந்தது. ஆக சிவகளை தனி மரம் இல்லை. இன்னும் நாலு இடத்தில் இதே மாதிரிப் பழைய தேதிகள் வந்தால் விவாதம் தன்னாலே அடங்கும்.

ஃபூட் தன் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கல் கல்லாக, ஊர் ஊராக விவரித்த அட்டவணை அவர் இறந்த பிறகுதான், 1914இல் அச்சானது. அடுத்த தடவை எழும்பூர் போகும்போது கற்களை விட அவற்றின் சீட்டுகளைத்தான் பார்க்கப் போகிறேன்.