கிருமாம்பாக்கத்தில் இப்போ மணி என்ன?

கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். பெரும்பாலான மதர்போர்டுகளில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, அதோட வேலைதான் இது. கூடவே ஒரு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 தடவை துடிக்கும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் போதும், மாசத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி தள்ளிப் போயிடும். பேட்டரி செத்துப் போனால் வருஷமே பின்னால போகும். அப்புறம் பேங்க் தளத்தைத் திறந்தா, சான்றிதழ் சரியில்லைன்னு பிரவுசர் கதவைச் சாத்திடும்.

அப்போ சரியான நேரத்தை யார்கிட்ட கேட்கிறது? நம்ம பக்கத்துக்கு இது புதுக் கேள்வி இல்லீங்க.

1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டார். அதைப் பதிவு செய்தவர் ஜான் வாரன், சென்னை வானாய்வகத்தைச் சில காலம் கவனித்துக்கொண்டவர். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிஷம்தான் பிசகு! முடியும் நேரத்தில் மட்டும் 52 நிமிஷம் தவறிவிட்டது. அந்த மனுஷரை நினைச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

அந்த வானாய்வகம் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அங்கிருந்த கோல்டிங்ஹாம் 1802-ல் கணித்த தீர்க்கரேகைப்படி, கிரீன்விச்சைவிட மெட்ராஸ் 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னால. பிற்பாடு ரயில்வேக்கும் மெட்ராஸ் நேரமே நேரம். 1906 ஜனவரி 1-ல் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து +5.30 என்கிற இந்திய நேரம் வந்தது. கிருமாம்பாக்கம் இருப்பதோ சுமார் 79.8 பாகையில். பாகைக்கு 4 நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 11 நிமிஷம் வரும். அதாவது நம்ம ஊர் உச்சி வெயில் சராசரியா 12.11-க்குத்தான்!

கம்ப்யூட்டர்களுக்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் (2024-ல் காலமானார்). அவருடைய என்டிபி முறை 1985-ல் வெளியானது. நம்ம கம்ப்யூட்டர் நேரம் கேட்டு ஒரு செய்தி அனுப்பும். பதில் வந்ததும், அதிலுள்ள நேரத்தோட போய்வர ஆன நேரத்தில் பாதியைக் கூட்டித் தன் முள்ளைத் திருத்திக்கும். போற வழியும் வர்ற வழியும் ஒரே அளவு தாமதம் என்கிற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்குது. இந்திய நேரத்துக்கு மூலம், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள்.

ஒண்ணு கவனிங்க. என்டிபி தருவது உலகப் பொது நேரம் மட்டும்தான். +5.30 என்கிற மண்டலத்தை நாமதான் சரியா வைக்கணும். அதைத் தப்பா வைத்துவிட்டால், அணுக் கடிகாரமே வந்தாலும் மணி தப்பாத்தான் காட்டும்.

தானாக நேரம் திருத்தும் வசதியை இன்னிக்கே போட்டு வையுங்க. அப்படியே முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எத்தனை மணிக்கு ரொம்பக் குட்டையாகுதுன்னும் பாருங்களேன்!