நர்ஸிங் சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பெரம்பலூர், அரியலூர் மாணவியருக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் அதிகம் கேட்கும் பெயர்களில் ஒன்று பி.எஸ்சி. நர்ஸிங். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், விசுவகுடி, ஜெயங்கொண்டம் என எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் இருப்பார். "பிள்ளையை நர்ஸிங் போடுங்கள், நல்ல வேலை" என்று அங்கிருந்தே போனில் சொல்வார்.

நல்ல ஆலோசனைதான். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்து சிகிச்சை நடந்தது. அதைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. நோயாளிக்குப் பணி செய்வது நம் பெண்களுக்குப் புதிதல்ல.

ஆனால் விரும்பும் எல்லோருக்கும் சீட் கிடைப்பதில்லை. அப்போதுதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருக்கிறாள், அல்லது அவசரத்தில் அங்கீகாரமில்லாத ஏதோ ஒரு 'நர்ஸிங் கோர்ஸில்' சேர்க்கப்படுகிறாள். இரண்டுமே நஷ்டம். மாற்றுத் திட்டத்தை ரிசல்ட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

தமிழகத்தில் பி.எஸ்சி. நர்ஸிங் அரசு ஒதுக்கீட்டுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கவுன்சிலிங்கில்தான் நிரப்பப்படுகின்றன. எனவே நேராகத் தனியார் கல்லூரிக்குப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டும் முன் இங்கு விண்ணப்பியுங்கள்.

3.5 சதவீதத்தைத் தவறவிடாதீர்கள்

2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி இடஒதுக்கீடு உண்டு. நூறு இடத்துக்கு மூன்று அல்லது நான்கு. லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்காணி முஸ்லிம், மாப்பிள்ளா, அன்சர், துதேகுலா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் வருவர். சாதிச் சான்றில் இந்தப் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையம் வழியே விண்ணப்பித்துத் திருத்துங்கள்.

வளைகுடாவில் சில வருடம் படித்துவிட்டு ஊருக்கு வந்த பிள்ளைகளுக்கு நேட்டிவிட்டி சான்று தேவைப்படும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றையும் வாங்கி வையுங்கள். விண்ணப்பம் தொடங்கிய பிறகு தாலுகா அலுவலகத்தில் நின்றால் நாள் போதாது.

முதல் மாற்று: நர்ஸிங்குக்கு உள்ளேயே

பி.எஸ்சி. கிடைக்கவில்லை என்றால் நர்ஸிங் கனவே போய்விட்டது என்று அர்த்தமல்ல. ஜி.என்.எம். எனப்படும் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகளில் கட்டணமும் குறைவு. முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் அரசு செவிலியர் தேர்வை டிப்ளமோ படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியும் ஆகலாம். ஒரு வருடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஏ.என்.எம். இரண்டு வருடப் படிப்பு. கிராம சுகாதார செவிலியர் பணிக்குரிய கல்வி இது. சொந்த மாவட்டத்திலேயே வேலை பார்க்க விரும்பும் பெண்களுக்குப் பொருத்தமானது.

இரண்டாவது மாற்று: மருத்துவமனையின் மற்ற அறைகள்

மருத்துவமனை என்றாலே டாக்டர், நர்ஸ் இருவரை மட்டும் நினைக்கிறோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், கண் பரிசோதனை, பிசியோதெரபி, மருந்தகம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு உண்டு. இவற்றின் பட்டப்படிப்புகளுக்கும் அதே தேர்வுக் குழுதான் கவுன்சிலிங் நடத்துகிறது. விருப்பப் பட்டியலில் நர்ஸிங் கல்லூரிகளை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கீழே பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி, லேப் டெக்னாலஜி, ஆப்டோமெட்ரி ஆகியவற்றையும் வரிசையாகச் சேர்த்து வையுங்கள்.

இரவுப் பணிக்குத் தயங்கும் குடும்பங்கள் மருந்தாளுநர், ஆப்டோமெட்ரி படிப்புகளை யோசிக்கலாம். டி.பார்ம். இரண்டு வருடம்தான். பதிவு செய்தபின் சொந்தமாக மெடிக்கல் ஷாப் நடத்தலாம். பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டு, ஈராண்டு பாராமெடிக்கல் பயிற்சிகளும் நடக்கின்றன. இந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவு இருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்டு வாருங்கள்.

மூன்றாவது மாற்று: கையில் ஒரு இடம்

இதில்தான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கை முதலில் முடிந்து வகுப்பும் தொடங்கிவிடும். பாராமெடிக்கல் கவுன்சிலிங் பெரும்பாலும் சில மாதம் கழித்தே வரும். அதை நம்பிக் காத்திருந்து கிடைக்கவில்லையென்றால் இரண்டும் போய்விடும்.

ஆகவே குரும்பலூர், வேப்பந்தட்டை, அரியலூர் அரசுக் கல்லூரிகளிலோ வேப்பூர் மகளிர் கல்லூரியிலோ விண்ணப்பித்து ஒரு இடத்தைப் பிடித்து வையுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதால் பின்னர் மாறினாலும் இழப்பு சிறியது. நர்ஸிங் கிடைக்காவிட்டால் அறிவியல் பட்டம் முடித்து பி.எட். போகலாம், அரசுத் தேர்வுகள் எழுதலாம். கல்லூரியில் சேரும்போது எல்லாச் சான்றிதழ்களையும் பல நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிச் செல்லும்போது அசலைத் திரும்பப் பெறும் முறையையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இது மாற்று அல்ல, பொறி

"ஆறு மாதத்தில் நர்ஸ், வேலை உறுதி" என்ற நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சான்றிதழை வைத்துச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில் அல்லது அந்தப் படிப்புக்குரிய கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? தேர்வு நடத்துவது யார்? முடித்தபின் எங்கே பதிவு செய்யலாம்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவும் வட்டியும்

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள்.

சிறுபான்மையினருக்கு டாம்கோ வழியே கல்விக் கடன் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் பெறலாம். ஆனால் அதற்கும் குறைந்த அளவில் வட்டி உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்துக்கு வழி காட்ட வேண்டியது ஊர் ஜமாஅத். பைத்துல்மாலில் ஒரு பகுதியை வட்டியில்லாக் கல்விக் கடனாக ஒதுக்கலாம். தகுதியான ஏழை மாணவிக்கு ஜகாத்திலிருந்தும் உதவலாம். படித்து வேலைக்குப் போகும் ஒரு பெண் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பவளாக மாறுவாள், இன்ஷா அல்லாஹ்.

வளைகுடா கனவு

படித்த உடனே விமானம் ஏற முடியாது. கவுன்சில் பதிவு, மருத்துவமனை அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, அந்த நாட்டின் உரிமத் தேர்வு என்று வரிசை உண்டு. லேப், எக்ஸ்ரே டெக்னீஷியன்களுக்கும் இதே பாதைதான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகச் செல்வது பாதுகாப்பு. பதிவு பெற்ற ஏஜெண்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் மறக்க முடியாது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்தும் நீட்டால் டாக்டர் சீட் கிடைக்காமல் 2017 செப்டம்பரில் அந்தப் பிள்ளையை இழந்தோம். ரிசல்ட் நாளில் பிள்ளைக்கு முதலில் வேண்டியது திட்டு அல்ல, தோளில் ஒரு கை. மனம் உடைந்து இருப்பதாகத் தெரிந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

இந்த வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது. பக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டிய தேதியையும் தேவையான சான்றிதழையும் குறியுங்கள். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அவன் தருவானாக. ஆமீன்.