வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சாச்சு... ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஏன் முக்கியம்?

ரஷ்யா, சீனா, ஜார்ஜியா... எங்கே மருத்துவம் படித்தாலும் சரி, ஆதம்பாக்கம் வந்து கிளினிக் போர்டு மாட்ட அந்தப் பட்டம் மட்டும் போதாது. வேறென்ன வேணும்?

எஃப்.எம்.ஜி.இ பாஸ் ஆனா போதாதா?

இல்லை. 300 கேள்விகள் கொண்ட அந்தத் தேர்வில் 150 மார்க் எடுத்தால் பாஸ். அடுத்து, அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. பிறகு, அனுமதி பெற்ற மருத்துவமனையில் 12 மாதப் பயிற்சி. அதை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு.

அங்கேயே பயிற்சி முடிச்சிருந்தா?

2021 நவம்பர் 18-ல் வந்த புதிய விதிப்படி, படித்த கல்லூரியில் 12 மாதம், இந்தியாவில் தனியாக 12 மாதம்.

என்ன செய்யணும்?

வார்டு, பிரசவம், ஆபரேஷன் தியேட்டர், அவசரப் பிரிவு எனச் சுழற்சி முறையில் வேலை. சமூக மருத்துவம் மட்டும் 12 வாரம். தெரிந்த டாக்டரின் கிளினிக்கில் பக்கத்தில் நின்று பார்த்தது கணக்கில் வராது.

சிக்கல் எங்கே?

இடத்தில்தான். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 மார்ச் சுற்றறிக்கைப்படி, ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் கூடுதலாக 7.5% பேருக்கே அனுமதி. 200 சீட் உள்ள கல்லூரியில் 15 பேர்!

பணம் கட்டணுமா?

கூடாது என்கிறது அதே சுற்றறிக்கை. இங்கே படித்தவர்களுக்குத் தரும் உதவித்தொகையை இவர்களுக்கும் தர வேண்டும்.

தள்ளிப்போனா என்ன ஆகும்?

குறிப்பிட்ட தேதிக்குள் பயிற்சி முடிந்தால்தான் நீட் பி.ஜி எழுத முடியும். தவறினால், எம்.டி, எம்.எஸ் கனவும் அடுத்த தேர்வு வரை காத்திருக்கணும். அதனால, ரிசல்ட் வந்த கையோடு பதிவு வேலையைத் தொடங்கிடுங்க.