குடிசை வாசலில் நின்ற மீட்பு

பெற்ற மீட்பை இழக்க முடியுமா? தெரிந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை வீழ்வதில்லை என்று 1619-இல் டோர்ட் சங்கத்தில் கால்வினியர் அறுதியிட்டனர். கத்தோலிக்கருக்கோ திரெந்து பொதுச்சங்கம் 1547-இலேயே வேறு விடை தந்திருந்தது: சாவான பாவத்தால் அருள் போகும்; பாவசங்கீர்த்தனத்தால் மீளும். ஆகவே மரணப்படுக்கைக்குக் குருவானவர் வந்து சேர்வது ஆன்மாவின் கதியைப் பொறுத்தது.

கரையாம்புத்தூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் இவ்வினா சாதியின் வாசற்படியில் வந்து நின்றது. மேல்சாதியார் விலகுவர் என்றஞ்சிய இயேசு சபைக் குருக்கள், நோயுற்ற பறையரின் குடிசைக்குள் நுழையாதிருந்தனர். அங்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல் இதைக் கண்டித்து ஆணையிட்டார். வழக்கு 40 ஆண்டுகள் நீண்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட், பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றார். அருட்சாதனம் குடிசைக்குள் சென்றது. சாதி வெளியே காவல் நின்றது.

பாவத்தால் மீட்பை இழப்பவரைப் பற்றி இறையியல் நிறையவே பேசியிருக்கிறது. குருவானவர் வராததால் இழந்தவரின் கணக்கை யார் பேரில் எழுதுவது என்பதே நாம் கேட்கவேண்டியது.